ஒத்திகையில் ஒரு கை குறைகிறது

— இன்னும் கொஞ்சம் சாயுங்க, மயக்கம்மா. முகம் சுவரைப் பாக்கணும், முதுகு என் பக்கம்.

— இதுக்கு மேல சாஞ்சா கீழ விழுந்துடுவேன் சார். அப்புறம் கிட்னியை விட்டுட்டு இடுப்பெலும்பைப் பாக்க ஆள் தேடணும்.

— விழ மாட்டீங்க. நாளைக்குப் பட்டை போட்டுக் கட்டிடுவோம். இன்னைக்கு நம்பிக்கையில படுங்க.

— நம்பிக்கையிலயா? சரி, அப்புறம்?

— மேல இருக்கற கையை அந்தத் தாங்கியில வைங்க. அக்குளுக்குக் கீழ துணிச்சுருள். கீழ்க்கால் மடங்கணும், மேல்கால் நீட்டணும், நடுவுல தலையணை. இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா? இந்த ஆஸ்பத்திரிக்கே சொல்லிக் குடுக்கறவங்க நீங்க.

— சொல்லிக் குடுத்திருக்கேன். படுத்ததில்ல. இந்த டேபிள் இவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு ஒரு நோயாளிகூட என்கிட்ட சொன்னதில்லையே!

— சொல்ல வாய் திறக்கறதுக்குள்ள நீங்கதான் மருந்தைப் போட்டுத் தூங்க வச்சிடறீங்களே.

— அதுவும் சரிதான். கேளுங்க, முழங்கைக்குக் கீழ மெத்தை வைக்கச் சொல்லணும். நரம்பு அமுங்குது. நாளைக்கு எனக்குப் பதிலா தலைமாட்டுல உக்காரப் போற புள்ளை இதை மறந்துடும்.

— மறக்காது. அது நேத்திலிருந்து எனக்கு விடாம போன் பண்ணிக்கிட்டே இருக்கு. 'எங்க மேடத்தையே நான் எப்படி சார் மயக்குவேன்'னு ஒரே அழுகை. 'அவங்க வீட்டுக்காரராலயே முடியல, உன்கிட்டயாவது மருந்து இருக்கு, தைரியமா இரு'ன்னேன்.

— வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல.

— வாயை வச்சுத்தானே பிழைப்பு ஓடுது.

— கையை வச்சுன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்?

— டேபிளை நடுவுல மடக்கப் போறேன். மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க.

— ஆ! மெதுவா சார். விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவுல பிளக்கற மாதிரி இருக்கு.

— பிளக்கணும். அங்கதான் எங்களுக்கு இடம். என் வாழ்க்கையில நான் எத்தனையோ நோயாளியைப் பாத்தாச்சு. நாளைக்கு ஆபரேஷனை வச்சுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை மத்தியானம், பூட்டின தியேட்டரைத் திறக்கச் சொல்லி, சாப்பிட்டுட்டுக் கண் அசந்தவனையும் எழுப்பி இழுத்துட்டு வந்து, தன் ஆபரேஷனுக்குத் தானே ஒத்திகை பாக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். வரப்போற திருடனுக்கு முதல்நாளே வீட்டைச் சுத்திக் காட்டற மாதிரி இருக்கு.

— வெட்டப் போறது என் கிட்னியை. பக்கத்து வீட்டுக்காரங்க கிட்னியா இருந்தா நானும் கண் அசந்திருப்பேன். அந்தப் பிளாஸ்டிக் கிட்னி வந்துடுச்சா? ஸ்கேனைப் பாத்து அச்செடுத்தது?

— வந்துடுச்சு. அச்சு அசல் உங்க இடது கிட்னி. உங்களைவிட அழகா இருக்கு, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. சிவப்பு, ரத்தம் உள்ள போற குழாய். நீலம், வெளிய வர்ற சிரை. பச்சையா கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கே, அதுதான் கட்டி.

— கட்டி ஏன் பச்சை?

— அச்சு மிஷின்ல மிச்சம் இருந்த கலர் அதுதானாம்.

— குடுங்க, பாக்கறேன்.

— ட்ரேயில வச்சுக் கொண்டு வரேன்.

— பிளாஸ்டிக்குக்கு எதுக்கு சார் ட்ரே? கையிலயே குடுங்க.

— ஒரு மரியாதைதான். உங்க உறுப்பாச்சே.

— சார்.

— என்ன?

— ட்ரே சத்தம் போடுது.

— பழைய ட்ரே. அடி கோணல்.

— சரி, கீழ வைங்க.

— வச்சுட்டேன். உங்க முகத்துக்கு நேரா, ஸ்டூல் மேல. தெரியுதா?

— தெரியுது. அடடா, பச்சை நீலத்தோட இப்படி ஒட்டிக்கிட்டிருக்கே! ஸ்கேன் படத்துல இவ்வளவு நெருக்கமாத் தெரியலையே.

— கொஞ்சம் உறவாடிக்கிட்டுத்தான் இருக்கு. அதனாலதான் ரோபோ மிஷின்ல பண்றோம். சிவப்புக்குழாயை இடுக்கி போட்டு நிறுத்திட்டு, கட்டியை மட்டும் நறுக்கி எடுத்துட்டு, மிச்ச கிட்னியைத் தச்சிடணும். ரொம்ப நேரம் நிறுத்தி வச்சா கிட்னி கோவிச்சுக்கும். சீக்கிரம் முடிச்சிடுவேன்.

— நீலம் கிழிஞ்சா?

— கிழியாது.

— கிழியுமான்னு நான் கேக்கல. கிழிஞ்சான்னு கேட்டேன்.

— அதுக்குத்தான் நேத்து எல்லாரையும் நிக்க வச்சு ரத்த ஒத்திகை பாத்தோமே. நீங்களும் இருந்தீங்க.

— இருந்தேன். அதுக்கு அப்புறம் வருவோம். முதல்ல துளை போடற இடத்தைக் குறிங்க. பேனா என் சட்டைப் பையில இருக்கு.

— அது நாளைக்குத்தான். வயித்துல காத்தை அடைச்சதும் பலூன் மாதிரி உப்பும். இன்னைக்கு வச்ச புள்ளி நாளைக்கு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

— தெரியாதா எனக்கு? ஆனா முன்னயெல்லாம் முதல்நாளே தோராயமா வரைவீங்க. விலா ஒரு கோடு, இடுப்பெலும்பு ஒரு கோடு, நடுவுல மிஷின் கையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம வரிசையாப் புள்ளி. வரைஞ்சுட்டு, 'எப்படி நம்ம ஓவியம்'னு நோயாளிகிட்டயே கேப்பீங்க.

— இப்ப ஸ்டிக்கர் ஒட்டறேன். வட்ட ஸ்டிக்கர். வேணாம்னா உரிச்சு எடுத்து இடம் மாத்தி ஒட்டலாம். நவீன முறை.

— ஆமா, நவீன முறை. உங்களைப் பாத்து நம்ம புள்ளைங்க எல்லாரும் பாக்கெட்ல ஸ்டிக்கரோட திரியுதுங்க. மாநாட்டுல வேற மேடையேறிப் பேசினீங்க.

— கை தட்டினாங்க.

— தட்டின அத்தனை பேருக்கும் நேரா ஒரு கோடு போடத் தெரியும் சார்.

— இதுக்கு என்ன அர்த்தம்?

— ஒண்ணுமில்ல. டேபிள் சில்லுன்னு இருக்கு, வாய் தன்னால உளறுது. போய், மிஷினை ஓட்டற உங்க பெட்டிக்குள்ள தலையை விடுங்க. ரத்த ஒத்திகையை ஒருதடவை பாத்துடலாம்.

— நேத்துதானே பாத்தோம்!

— நேத்து கூட்டம். 'நான் அதைக் கழட்டறேன், நீ இதைத் தள்ளு'ன்னு திருவிழா மாதிரி ஒரே சத்தம். அந்தச் சத்தத்துல ஒரு விஷயம் நழுவிப் போச்சு. நீங்கதானே சொல்வீங்க? ஒத்திகையில தப்பு வந்தா சந்தோஷப்படு, இன்னைக்கு வர்ற தப்புல ரத்தம் வராதுன்னு.

— எனக்கே என் வசனமா? சரி, உக்காந்துட்டேன். தலையை உள்ள விட்டாச்சு. இங்கேருந்து பாத்தா உங்க வயித்துக்குள்ள மட்டும்தான் தெரியும், நீங்க தெரிய மாட்டீங்க.

— எனக்கும் சுவர்தான் தெரியுது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காம பேசறதும் ஒரு விதத்துல நல்லாத்தான் இருக்கு.

— உங்க வீட்டுக்காரரும் அதையேதான்—

— ரத்தம்!

— அம்மாடி! ஏன் இப்படிக் கத்தறீங்க? நெஞ்சு நின்னுடும் போல இருக்கு.

— ரத்தம் சொல்லிட்டா வரும்? நீலம் கிழிஞ்சுடுச்சு. உங்க திரை முழுக்கச் சிவப்பு. பிரஷர் இறங்குது. சொல்லுங்க, என்ன பண்றீங்க?

— காத்து அழுத்தத்தைக் கூட்டு. பஞ்சை உள்ள விடு. ஒரு மிஷின் கையால கிழிஞ்ச இடத்தை அமுக்கிப் பிடிக்கறேன். தைக்க முடியுமான்னு பாக்கறேன்.

— முடியல. பிரஷர் இன்னும் இறங்குது.

— ரத்தம் ஏத்துங்க. திறக்கற கருவித் தட்டைப் பிரி. அமுக்கிப் பிடிச்ச கை அப்படியே இருக்கட்டும், மத்த கையில இருக்கற கருவியையெல்லாம் உருவு. கையை மடக்கு. டேபிளை நேராக்கு. திறக்கற நேரத்துல கடைசிக் கையையும் எடுத்துட்டு மிஷின் வண்டியைப் பின்னால தள்ளு.

— தள்ளியாச்சு. அப்புறம்?

— அப்புறம் என்ன, வயிறு திறக்கப்படும்.

— யாரு திறப்பா?

— திறக்கப்படும்.

— மூடின சாலை திறக்கப்படும்னு அரசாங்கம் போர்டு வைக்கற மாதிரி இருக்கு. யாரு சார் திறப்பா? நேத்து ஒத்திகையிலயும் வண்டியைத் தள்ளினதோட 'சரி, டீ குடிக்கலாம்'னு கையைத் தட்டிட்டீங்க. அதுக்கு முந்தின ஒத்திகையிலயும் அப்படித்தான். அதுதான் நழுவின விஷயம்.

— பக்கத்துல உதவி டாக்டர் கை கழுவி நிக்கறார்.

— அந்தப் புள்ளை மிஷினோட பிறந்த தலைமுறை. அழுத்தி ஓடற ரத்தத்துல கையை விட்டு, கண்ணால பாக்காம விரலால தேடி ஒரு சிரையைப் பிடிச்சிருக்கா எப்பவாவது? திறந்த வயித்தையே அது படத்துலதான் பாத்திருக்கும்.

— நானும் இருக்கேனே. பெட்டியை விட்டு எந்திரிச்சு வந்து, கை கழுவி—

— வாங்க.

— எங்க?

— இங்க. கழுவினதா வச்சுக்கலாம். வந்து, உங்க வலது கையை என் விலா மேல வைங்க. இடுக்கியை எங்க போடுவீங்களோ அங்க விரலை வச்சுக் காட்டுங்க.

— மயக்கம்மா, விளையாட்டு போதும்.

— நான் விளையாடல சார். வைங்க.

— முதுகு வலிக்கலையா உங்களுக்கு? டேபிளை நேராக்கிடறேன். எந்திரிங்க, கேன்டீன்ல டீ வாங்கித் தரேன்.

— பாதி கப் டீயா? ரெண்டு வருஷமா உங்க கப்பைப் பாதிக்கு மேல யாரையும் நிரப்ப விடறதில்ல நீங்க. சர்க்கரை குறைக்கறேன்னு சொன்னீங்க. ஆனா அந்தப் பாதியில முழுசுக்கான சர்க்கரையைப் போடுவீங்க.

— நீங்க மயக்க டாக்டரா, துப்பறியற ஆளா?

— தலைமாட்டுல உக்காந்திருக்கறவளுக்கு வேற என்ன வேலை? நோயாளி தூங்கிடுவார். நீங்க வேலை பாப்பீங்க. நான் உங்களைப் பாத்துக்கிட்டிருப்பேன். முன்னயெல்லாம் கடைசித் தையலை யாருக்கும் விட்டுத் தர மாட்டீங்க, ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கிட்டே தைப்பீங்க. இப்ப பெட்டியை விட்டு எந்திரிச்சதும் போன் வந்துடுது உங்களுக்கு. தினமும் அதே நேரத்துல போன் வரணும்னா கடன் வாங்கியிருக்கணும், இல்ல காதலிச்சிருக்கணும். ரெண்டுக்கும் உங்களுக்கு வயசாயிடுச்சு.

— சரி, சொல்லிடுங்க. மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்க.

— நான் சொல்ல மாட்டேன். உங்க வாயாலதான் வரணும்.

— சுவரைப் பாத்துக்கிட்டே இருங்க. திரும்பாதீங்க.

— திரும்பல.

— கை ஆடுது.

— ம்.

— என்ன 'ம்'? ஊரே இடிஞ்சு விழுந்த மாதிரி நான் சொல்றேன், நீங்க 'ம்'ங்கறீங்க!

— எனக்கு எப்பவோ இடிஞ்சுடுச்சு சார். நீங்க சொல்லுங்க.

— சும்மா வச்சிருந்தா ஒண்ணும் தெரியாது. எதையாவது பிடிக்கப் போனா ஆடும். பேனா, ஸ்பூன், ஊசி. அப்பாவுக்கு இருந்துச்சு. தையல்காரர். பேப்பர் படிச்சா சரசரன்னு சத்தம் அடுத்த அறைக்குக் கேக்கும். ஊசியில நூல் கோக்க என்னையும் என் தங்கச்சியையும்தான் கூப்பிடுவார். வயசாயிடுச்சுன்னு நினைச்சோம். இப்ப எண்ணிப் பாத்தா, அப்ப அவருக்கு என்னைவிடச் சின்ன வயசு.

— மாத்திரை?

— போடறேன். குறையுது, நிக்கல. ஆனா மயக்கம்மா, கேளுங்க, பெட்டிக்குள்ள தலையை விட்டுப் பிடியைப் பிடிச்சேன்னா ஆடாது. அதாவது ஆடும், மிஷின் அதை வடிகட்டிடும். உள்ள போற கத்திக்கு என் கை ஆடறது தெரியவே தெரியாது. பால்ல இருக்கற ஏடு மாதிரி நடுக்கம் வடிகட்டியில நின்னுடும். அந்தப் பெட்டிக்குள்ள எனக்கு இன்னும் இளமைதான். நான் பண்ணின வேலையில ஒரு குறை சொல்லுங்க பாப்போம்.

— சொல்ல முடியாது. அதனாலதான் என் கிட்னியை உங்ககிட்ட குடுக்கறேன். வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்.

— அப்புறம் என்ன?

— அப்புறம்தான் இருக்கு. மிஷினைப் பின்னால தள்ளின அடுத்த நிமிஷம் வடிகட்டியும் போயிடுது சார். உங்க கை மட்டும்தான் மிச்சம்.

— அப்படி ஒரு நிமிஷம் எனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல.

— எனக்கு வந்திருக்கு, வேற டாக்டருங்களோட. அப்பல்லாம் நான்தான் கத்துவேன். 'பிரஷர் இறங்குது, என்ன பண்றீங்க'ன்னு. இந்தத் தியேட்டர்ல எல்லாரும் என் தொண்டைக்குத்தான் பயப்படுவாங்க. நாளைக்கு நான் தூங்கிக்கிட்டிருப்பேன் சார். வாயில குழாய் இருக்கும். எனக்குப் பதிலா தலைமாட்டுல உக்கார்ற புள்ளை உங்களைப் பாத்து கத்துமா? 'சார், லேசா இறங்குது சார்'னு மெல்லச் சொல்லும். நாளைக்குக் கத்த முடியாததாலதான் இன்னைக்கு வந்து கத்திக்கிட்டிருக்கேன்.

— பயமா இருக்கா?

— பயம் இல்லாமயா இந்தக் குளிருல கோணிக்கிட்டுப் படுத்திருக்கேன்? வீட்டுல எல்லார்கிட்டயும் சின்னக் கட்டி, மிஷினே பண்ணிடும், ரெண்டே நாள்ல வந்து தோசை சுட்டுத் தரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என் மக மட்டும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா.

— நான் இதை வெளிய சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? பெட்டியையும் பிடுங்கிடுவாங்க. 'சார் ரொம்ப உழைச்சுட்டார்'னு ஒரு மாலையைப் போட்டு, வாழ்த்து மடலைக் குடுத்து, கையெழுத்து போடுங்கம்பாங்க. அந்தக் கையெழுத்துகூட எனக்கு ஒழுங்கா வராது.

— நான் பிடுங்கச் சொல்லல. பெட்டி உங்களோடதே. வயித்துப் பக்கத்துல ஒரு கை நிக்கணும். ஆடாத கை. ஆரம்பத்திலிருந்து கடைசித் தையல் வரைக்கும், கழுவி, கவுன் போட்டுத் தயாரா. அப்படி ஒரு ஆள் வரலைன்னா நான் இந்த டேபிள்லேருந்து இறங்கிடுவேன். நாளைக்கு ஆபரேஷன் கிடையாது.

— யாரைச் சொல்றீங்க?

— உங்களுக்கே தெரியும்.

— அவ வேணாம்.

— ஏன்? திறந்து பண்றதுல உங்க தங்கச்சியை அடிச்சுக்க ஆள் கிடையாதுன்னு நீங்கதான் வாய் ஓயாம சொல்வீங்க. ஊர்ல அவங்களுக்குப் பேரே கத்தி.

— அது ஒரு காலம். இப்ப துறைத்தலைவி. மீட்டிங்குக்கே பொழுது சரியா இருக்காம். போன மாசம்கூட யாரோ சொன்னாங்க, கத்தியைத் தொட்டே நாளாச்சுன்னு.

— இத்தனை வருஷம் பிடிச்ச கத்தி, மறந்தா போயிடும்?

— விஷயம் அது இல்ல. கேன்டீன்ல நடந்தது உங்களுக்குத் தெரியாது.

— ஏதோ சண்டைன்னு தெரியும்.

— ஒரு வருஷம் ஆச்சு. நான் டீயைத் தூக்கினேன். சிந்துச்சு. அவ எதிர்ல நின்னா. உக்காரக்கூட இல்ல. ரெண்டு கையையும் கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி, 'அண்ணா, நிறுத்திடு'ன்னா. அவ்வளவுதான். ஏன், எப்படி இருக்க, டாக்டரைப் பாத்தியா, எதுவும் கிடையாது. 'நிறுத்திடு.' சுத்தி எங்க புள்ளைங்க எல்லாம் உக்காந்திருக்கு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— கடப்பாறையால வயித்தை இடிச்சுத் திறக்கறவளுக்கு என் மிஷினைப் பத்தி என்ன தெரியும், பொறாமைன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன். புள்ளைங்க சிரிச்சிடுச்சுங்க. அவ பாக்கெட்லேருந்து கையைக்கூட எடுக்கல. அப்படியே திரும்பிப் போயிட்டா. அதுக்கப்புறம் பேச்சு இல்ல.

— அவங்க சொன்னது தப்பா சார்?

— சரின்னுதானே கோவம் வந்துச்சு.

— போன் எங்க?

— மயக்கம்மா...

— எனக்கு ஒரு கை தாங்கியில இருக்கு, இன்னொண்ணு எனக்குக் கீழயே மாட்டிக்கிட்டிருக்கு. நீங்கதான் பண்ணணும். ஸ்பீக்கர்ல போட்டு ஸ்டூல் மேல வைங்க, என் கிட்னி பக்கத்துல. பண்ணுங்க சார்.

— எடுக்க மாட்டா.

— அடிக்குதே.

— எடுக்க மாட்டா பாருங்க. என் தங்கச்சியை எனக்குத்—

— சொல்லு.

— பாப்பா. நான்தான்.

— நம்பர் தெரியுது. அழிக்கல. சொல்லு.

— சாப்பிட்டியா?

— ஒரு வருஷம் கழிச்சு அதைக் கேக்கவா கூப்பிட்ட?

— ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பக்கத்துல மயக்கம்மா இருக்காங்க. கெட்ட வார்த்தையெல்லாம் அப்புறமா வச்சுக்கலாம்.

— வணக்கம் டாக்டர். நான் ஆபரேஷன் டேபிள்ல கோணலா படுத்திருக்கேன், எந்திரிச்சுப் பேச முடியல.

— டேபிள்லயா? நீங்களா? என்ன ஆச்சு?

— நாளைக்கு அவங்களுக்கு ஆபரேஷன், பாப்பா. இடது கிட்னி. கட்டி சிரையோட ஒட்டியிருக்கு. மிஷின்ல நான் பண்றேன்.

— பண்ணு. மிஷின்ல உன்னை மாதிரி ஆள் இல்ல. அதை நான் என்னைக்கும் மறுத்ததில்ல.

— சிரை கிழிஞ்சா திறக்கணும்.

— திறக்கணும்.

— அதுக்கு நீ வரணும். கழுவி, கவுன் போட்டு, வயித்துப் பக்கத்துல நிக்கணும். நான் முடிக்கற வரைக்கும்.

— ஏன், நீ திறக்க மாட்டியா?

— என்னால முடியாது.

— ஏண்ணா?

— உனக்குத் தெரியும். நீதான் முதல்ல பாத்த.

— பரவால்ல, சொல்லு. நீ சொல்லி நான் கேக்கணும்.

— இன்னைக்கு எல்லாருக்கும் என் வாயாலதான் கேக்கணுமாம். கை ஆடுது, பாப்பா. அப்பாவுக்கு மாதிரி. அந்தப் பேப்பர் சத்தம் ஞாபகம் இருக்கா?

— இருக்கு. தினமும் ஞாபகம் வருது.

— அன்னைக்குக் கேன்டீன்ல நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. கடப்பாறைன்னது ரொம்பத் தப்பு. புள்ளைங்க முன்னாடி சொன்னது அதைவிடத் தப்பு. உன் கையைப் பத்தி அப்படிப் பேச எனக்கு வாய் வந்திருக்கக் கூடாது.

— அதை விடுண்ணா.

— விட்டா எப்படி? நான் கோவத்துல உளறினேன். ஊசியில நூல் கோக்கறப்ப அப்பா முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு ரெண்டு மூணு தடவை எச்சில் தொடணும், நீ ஒரே தடவையில கோத்துடுவ. அந்தக் கைதான் நாளைக்கு எனக்கு வேணும். வருவியா?

— டாக்டர், வரேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். நான் இறங்கி வீட்டுக்குப் போய், என் மகளைக் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்கார வச்சுக்கறேன். நாளைக்குத் தைரியமா வந்து படுப்பேன்.

— பாப்பா? லைன்ல இருக்கியா?

— இருக்கேன். உனக்கு எந்தக் கைண்ணா?

— வலது. ஏன் கேக்கற?

— எனக்கு ரெண்டும்.